சத்தம் போட்டுச் சொல்ல முடியாதது

மத்திகிரி
18.2.2024

தமிழ்செல்விக்கு உன் அப்பா அழகர்சாமி எழுதுவது.

நலம் விசாரிக்க இந்தக் கடிதம் இல்லை. அதற்கு உன் அம்மா இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விடுகிறாள். நான் எழுதுவது மணிகண்டன் விஷயமாக.

முந்தாநாள் கிருஷ்ணப்பன் வீட்டுக்குப் போனேன். மணிகண்டன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வேலை நாளில் பையன் ஏன் வீட்டில் என்று கேட்டேன். கிருஷ்ணப்பன் மனைவி முனிலட்சுமி என் வலது காதுக்குள் கத்தினாள்.

"வேலயத்தான் புடுங்கிட்டாங்களே! ஒங்க பொண்ணுதான் கம்ப்யூட்டர்ல வந்து படிச்சி காட்டுச்சாம்! கால் மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சிபோச்சாம்!"

கிருஷ்ணப்பன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அதற்குள் எனக்கு வேண்டியது கேட்டுவிட்டது.

உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது கைக்குழந்தை. வேலைநிறுத்தத்தில் எட்டு மாதம் கம்பெனி கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் எனக்குப் பக்கத்து மெஷின் கிருஷ்ணப்பனுடையது. நிர்வாகம் அவனிடம் ஆள் அனுப்பியது. தூண்டிவிட்டவர்கள் என்று ஐந்து பேர் பெயரை எழுதிக் கொடு, நாளைக்கே உள்ளே வா, சூப்பர்வைசர் சட்டை தருகிறோம் என்றார்கள். வீட்டில் கேழ்வரகு மாவு கூடக் கிடையாது. அவன் எழுதவில்லை. எழுதியிருந்தால் முதல் பெயர் என்னுடையது.

அந்த மனிதனின் மகனை உன் கம்பெனியில் சேர்த்துவிடு என்று நான்தான் உன்னிடம் கேட்டேன். ஒன்பது மாதத்தில் வெளியே போட்டிருக்கிறாய்.

பெயரை நீ எழுதிக் கொடுத்தாயா, மேலிருந்து வந்ததா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

அழகர்சாமி


பெங்களூர்
25.2.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆம்.

ஒரு வார்த்தை போதும் என்றீர்கள். ஆனால் மீதியையும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

எனக்குக் கீழே பதின்மூன்று பேர். இரண்டு பெயர் வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை கேட்டார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மேலே அவர்களே எடுத்துக்கொள்வார்கள், என் பெயரையும் சேர்த்து எடுக்கலாம். பதின்மூன்று பேரில் வேலை தெரியாதவர் யாரும் இல்லை. மணிகண்டன் கடைசியாகச் சேர்ந்தவன், வயது குறைவு, கல்யாணம் ஆகவில்லை, வேறு இடத்தில் சீக்கிரம் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். அது நியாயமா என்று எனக்குத் தெரியவில்லை. செய்தது அதுதான்.

படிக்க ஐந்து வரி கொடுத்திருந்தார்கள். அதற்கு மேல் ஒரு சொல் பேசக் கூடாது. படித்தேன். ஆபீசில் ஒன்பது மாதமும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டான். அன்றைக்கு "சரிங்க அக்கா" என்றான். திரை அணைந்துவிட்டது.

ஆனாலும் இந்தக் கம்பெனியை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வருடத்தில் உன் அப்பா என்ன வேலை, என்ன சாதி என்று இங்கே ஒருவர் கேட்டதில்லை. புதிதாக ஒன்றைப் படிக்கிறேன் என்றபோது சம்பளத்தோடு ஆறு மாதம் விட்டார்கள். பிரஸ் ஷாப்பில் காதில் வைக்கப் பஞ்சு கேட்டதற்கு உங்களுக்கு மெமோ கொடுத்தார்கள். இங்கே நான் உட்காரும் நாற்காலி முதுகுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்பதற்கென்றே ஒரு ஆள் வருகிறார். அப்படிப் பார்த்துக்கொள்கிற கம்பெனிதான் செவ்வாய்க்கிழமைக்குள் இரண்டு பெயர் கேட்கிறது. இரண்டும் ஒரே கம்பெனி. நான் எதை நம்புவது என்று எனக்கே சில நாள் தெரிவதில்லை.

இன்னொரு விஷயம். இதை அம்மாவிடம் போனில் சொல்லி உங்களைக் கேட்கச் சொல்லலாம். ஆனால் அம்மா உங்கள் காதில் விழும்படி ஒன்றைச் சொன்னால் லைன் வீடு எட்டுக்கும் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

பெற்றோருக்குக் கம்பெனி மருத்துவக் காப்பீடு தருகிறது. வருடத்துக்கு ஒரு முறை பெரிய ஆஸ்பத்திரியில் முழு உடம்புப் பரிசோதனையும் உண்டு, அவர்களே கூப்பிட்டு அனுப்புவார்கள். கல்யாணமான பெண்கள் தங்கள் அப்பா அம்மா அல்லது மாமனார் மாமியார், இரண்டில் ஒரு ஜோடியைத்தான் சேர்க்கலாம். சேர்த்தபின் இரண்டு வருடத்துக்கு மாற்ற முடியாது. பதிவு பத்தாம் தேதியோடு மூடிவிடும். உங்கள் மாப்பிள்ளை நவீன்குமாரிடம் கேட்டேன். "உங்க அப்பா அம்மாவையே போடு" என்றுவிட்டார்.

இதனுடன் படிவம் வைத்திருக்கிறேன். நீங்கள் இருவரும் கையெழுத்திட்டு, ஆதார் நகலோடு அனுப்ப வேண்டும். ஒருவரை மட்டும் சேர்க்க வழியில்லை. அம்மா இதைப் பற்றி என்னிடம் மூன்று தடவை கேட்டுவிட்டாள். "அந்தக் கம்பெனி செக்கப்பு எப்படி வரும்?" என்று. அவளுக்காவது போடுங்கள்.

தமிழ்


மத்திகிரி
3.3.2024

தமிழ்செல்விக்கு,

படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் கையெழுத்து அதில் இல்லை. கீழே உள்ள ரேகை உன் அம்மாவுடையது. நான் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் ரேஷன் கடைக்கு எடுத்துப் போய் அங்கே மை வாங்கி விரல் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். என்ன அவசரமோ தெரியவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஹெல்ப்பராக இந்த ஊருக்கு வந்தேன். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. டிப்ளமா படித்த பையன்கள் எடைக்குப் போட்ட புத்தகங்களை வாங்கி, டிராயிங் படிக்க நானாகக் கற்றேன். மெஷினில் அச்சுப் பொருத்துகிற டை செட்டிங்கில் என்னை மிஞ்சிய ஆள் அந்த ஷாப்பில் கிடையாது. ஐடிஐ சான்றிதழ் இல்லை என்று முப்பத்தொரு வருடமும் ஆபரேட்டராகவே வைத்திருந்தார்கள். காதையும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எந்தக் காகிதத்திலும் என் மனதுக்கு ஒப்பாத கையெழுத்தை அவர்களால் வாங்க முடியவில்லை. உன் கம்பெனியாலும் முடியாது.

பெயர் எழுதிக் கொடுத்த கை ஒன்று. அதே கை என் பெயரைச் சலுகைக்கு எழுத வருகிறது. கிருஷ்ணப்பன் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியவன் நான். மகன் வேலை போன அதே ஆபீசின் செலவில் நான் ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்பதா? உன் மாமனார் மாமியாரைச் சேர்த்துக்கொள். எங்களுக்கு ஒரு நோயும் இல்லை.

நீ வாங்கி அனுப்பிய காது மெஷினையும் பரணில் போட்டுவிட்டேன். அது எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கொட்டுகிறது. எனக்குக் கேட்க வேண்டியது எதுவும் பாக்கி இல்லை.

நீ கிருஷ்ணப்பன் வீட்டுக்கு வந்து நேரில் வருத்தம் தெரிவிக்கும் வரை உன் வீட்டுப் படியை நான் மிதிக்க மாட்டேன்.

அழகர்சாமி


பெங்களூர்
11.3.2024

அப்பாவுக்கு,

நேற்றோடு பதிவு முடிந்தது. மாமனார் மாமியார் பெயரைப் போட்டுவிட்டேன். உங்கள் விருப்பம் நிறைவேறியது.

மணிகண்டனிடம் நான் பேசிவிட்டேன். கிருஷ்ணப்பன் மாமா வீட்டுக்கு எப்போது போக வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்கும் அவர்களுக்கும் உள்ளது. அதற்கு நீங்கள் தேதி குறிக்க வேண்டாம்.

அம்மாவின் ரேகை உள்ள தாளை என்னால் கிழித்துப் போட முடியவில்லை. வைத்திருக்கிறேன்.

தமிழ்செல்வி


மத்திகிரி
22.4.2025

தமிழ்செல்விக்கு,

ஒரு வருடமாக நான் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. இப்போது எழுத வேண்டியதாகிவிட்டது.

உன் அம்மா தண்ணீர்க் குழாயடியில் விழுந்ததும், ஓசூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கிருஷ்ணகிரிக்கு அனுப்பியதும், முனிலட்சுமி உனக்குப் போன் செய்து நீயும் மாப்பிள்ளையும் கார் கொண்டுவந்து பெங்களூருக்குக் கூட்டிப் போனதும் உனக்குத் தெரிந்தவை. கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மாப்பிள்ளை எனக்காக நின்றார். நான் ஏறவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாததை எழுதுகிறேன். நீங்கள் வருவதற்கு முன் கிருஷ்ணகிரியில் அந்த டாக்டரம்மா என்னிடம் ஏதோ கேட்டார். காது கேட்காது என்று சைகை காட்டினேன். மேஜையிலிருந்த தாளில் எழுதிக் காட்டினார். 'பதினான்கு மாதமாக இரத்தப்போக்கு இருந்திருக்கிறது. மாதவிலக்கு நின்று பல வருடம் ஆனபின் இப்படி வந்தால் உடனே வர வேண்டும். கர்ப்பப்பையில் கட்டி. பரவிவிட்டது போலிருக்கிறது. இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?'

அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

முப்பத்தாறு வருடம் ஒரே அறையில் இருக்கிறோம். ஒரு நாள் சமைக்காமல் இருந்ததில்லை. ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. பதினான்கு மாதம் என்னிடம் மறைத்திருக்கிறாள். நான் என்ன அந்நியனா? குடிகாரனா? அடிப்பவனா? என்னிடம் சொல்லாததை உன்னிடம் சொன்னாளா? ஞாயிற்றுக்கிழமைதோறும் தொட்டிக்குப் பின்னால் போய் உன்னிடம் என்னதான் பேசினாள்? தெரிந்தும் நீ என்னிடம் மறைத்திருந்தால் அதையும் எழுது.

அழகர்சாமி


பெங்களூர்
30.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

என்னிடமும் சொல்லவில்லை. இங்கே வந்தபின்தான் சொன்னாள்.

முதல் மருந்து ஏற்றியாகிவிட்டது. வாந்தி இருக்கிறது, கஞ்சி குடிக்கிறாள். என் மாமியார் வெங்கடம்மாள்தான் கூடவே இருக்கிறார். அவருக்குத் தெலுங்கு, அம்மாவுக்கு நம் ஊர்த் தமிழ். இருவரும் அவரவர் பாஷையில் பேசி முடித்துவிட்டு, புரிந்ததா என்று என்னைப் பார்க்கிறார்கள்.

அம்மா சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். நீங்கள் கேட்டீர்கள், நான் மாற்றி எழுத மாட்டேன்.

ஏம்மா அப்பாகிட்ட சொல்லல என்றேன்.

"எப்படிடி சொல்றது? அவுககிட்ட ஒண்ணு சொன்னா எட்டு வீட்டுக்கும் சொன்ன மாதிரில்ல. எனக்கு ரத்தம் போகுதுன்னு கத்தச் சொல்றியா? பக்கத்து வீட்டுல கம்பெனிப் பயலுக நாலு பேரு குடியிருக்கானுக. நாளைக்கி அவனுக மூஞ்சில முழிக்க வேணாமா?"

எழுதிக் காட்டத்தான் உனக்குத் தெரியாது, சைகையாவது காட்டியிருக்கலாமே என்றேன். சிரித்துவிட்டாள்.

"காட்டுனேன்டி ஒருக்க. வயித்தத் தொட்டுக் காட்டி மூஞ்சியச் சுளிச்சேன். அவுக சட்டைய மாட்டிக்கிட்டுப் போயி நாலு இட்லி வாங்கியாந்துட்டாக. அதுக்கு மேல என்னத்தக் காட்டுறது?"

என்கிட்ட போனில் சொல்லியிருக்கலாமே என்றேன். அதற்குத்தான் அந்தப் பரிசோதனையைக் கேட்டாளாம். அது தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத நேரம்.

"கம்பெனியே கூப்புடுதுன்னா பிள்ள பெத்தவுக எல்லாரும் போற மாதிரி நம்மளும் போயிட்டு வந்துரலாம்னு இருந்தேன். நம்மளாப் போயி எனக்கு இப்படி இருக்குன்னு சொல்லணும்னு இல்ல பாரு. அவுகளே பாத்துக் கண்டுபிடிச்சிருவாக. பொம்பள டாக்டரு இருப்பாக. யாரும் கேட்டாக்கூட கம்பெனி செக்கப்புன்னு சொல்லிக்கிரலாம்."

அப்பா, அந்தப் பரிசோதனைக்கு என் மாமியார் போய் வந்தார். அவருக்குச் சர்க்கரை இருப்பது அங்கேதான் தெரிந்தது. மாத்திரை சாப்பிட்டு இப்போது நன்றாக இருக்கிறார்.

உங்களைக் குத்திக் காட்ட இதை எழுதவில்லை. மூன்று தடவை கேட்டாள். கண்ணாடி லிஃப்ட் வைத்த ஆஸ்பத்திரியைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று நான் நினைத்தேன். படிவத்தில் கையெழுத்து இல்லாவிட்டால் என்ன, ஒரு நாள் லீவு போட்டு நானே கூட்டிப் போயிருக்க முடியும். மத்திகிரி எனக்கு ஒன்றரை மணி நேரம். உங்கள் மேல் இருந்த கோபத்தில் நம் வீட்டு வாசலுக்கே வரவில்லை. இதில் பாதி என்னுடையது.

வாருங்கள் அப்பா. அவள் கேட்கவில்லை. ஆனால் கதவு திறந்தால் திரும்பிப் பார்க்கிறாள்.

தமிழ்


மத்திகிரி
8.5.2025

தமிழ்செல்விக்கு,

இட்லி வாங்கி வந்தது உண்மை. பசி என்று நினைத்தேன். அவள் தட்டில் வைத்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் வேண்டுமா என்று கேட்டேன்.

பாதி உன்னுடையது என்று எழுதியிருக்கிறாய். எதற்கெடுத்தாலும் பாதி, கால் என்று பிரிக்கிற பழக்கம் அந்தக் கம்பெனியில் கற்றதா? எனக்கு வேண்டாம்.

நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன் ஒரு நாள் அவள் சந்தையில் ஸ்லேட்டும் பலப்பமும் வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள். நான் முதல் ஷிப்டு முடித்து வந்திருந்தேன். எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், வேண்டுமென்றால் நீயாகக் கற்றுக்கொள் என்றேன். ஸ்லேட்டை எடுத்து அரிசிப் பானைக்கு மூடியாக வைத்துவிட்டாள். நானும் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு அவள் கையில் நாலு எழுத்து இருந்திருந்தால் இரத்தம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டியிருப்பாள்.

நேற்று கிருஷ்ணப்பன் வந்தான். வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றுகொண்டு கத்தினான். தெருவே நின்றது.

"யோவ் அழகரு! ஒங்கூட்டம்மா அங்க கெடக்குது, நீ இங்க என்னாய்யா பண்ற?"

உன் மகனுக்கு என் மகள் செய்ததற்கு ஒரு நியாயம் தெரியாமல் நான் அங்கே போக மாட்டேன் என்றேன்.

"எம்மவன் ஆறே மாசத்துல வேற கம்பெனிக்குப் போயிட்டான்யா! ஒம் பொண்ணுதான் நாலு பேருக்கு எழுதி அனுப்பிச்சி வாங்கிக் குடுத்துச்சி! போன தீபாளிக்கி எங்கூட்டுக்கு வந்துட்டும் போச்சி! பாவம்னு அது கண்ணுல தண்ணி வுட்டுச்சி, எம்மவன்தான் சமாதானம் சொன்னான்! ஒனக்குச் சொன்னா சண்டக்கி வருவேன்னு சொல்லல! நாங்களே வுட்டுட்டோம், நீ யாருக்காகய்யா புடிச்சிக்கினு தொங்கற?"

அவன் போனபிறகும் அங்கேயே நின்றிருந்தேன். எனக்குத் தெரியாமல் தெருவுக்குள் வந்து போயிருக்கிறாய். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஆனாலும் சொல்கிறேன். அவர்கள் மறந்துவிட்டால் நடந்தது சரி என்று ஆகாது. நீ செய்தது தவறு. நான் செய்தது அதைவிடப் பெரிய தவறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை நான் அழிக்க மாட்டேன்.

எனக்கு மறைத்துத் தெரிவித்த வருத்தத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை; உன் வீட்டுக்கு வர மாட்டேன் என்று சொன்னேன், சொன்னதுதான். மருந்து ஏற்றி முடிந்ததும் அவளை இங்கே அனுப்பு. கஞ்சி வைக்க எனக்குத் தெரியும்.

அழகர்சாமி


பெங்களூர்
20.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவை அங்கே அனுப்ப முடியாது. மருந்து வேலை செய்யவில்லை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். இனி வலி தெரியாமல் வைத்துக்கொள்வதுதான் என்கிறார்கள். எத்தனை நாள் என்று கேட்டேன், நாள் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி என் வீடு இல்லை அப்பா. என் வீட்டுப் படியைத்தான் மிதிக்க மாட்டேன் என்றீர்கள். இது வேறு படி.

கம்பெனி எனக்குப் பத்து நாள் பராமரிப்பு விடுப்பு தந்தது. அது தீர்ந்துவிட்டது. எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று அனுமதியும் தந்திருக்கிறார்கள். உங்கள் காலத்தில் கேட்டால் சிரித்திருப்பார்கள். அம்மா படுக்கைக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். என் மேலதிகாரி தினமும் விசாரிக்கிறார், பழக்கூடை அனுப்பினார். கூடவே வேலையும் அனுப்புகிறார். எங்கிருந்து வேண்டுமானாலும் என்றால் இங்கிருந்தும்தானே.

ஓசூரில் பெங்களூர் பஸ் ஏறுங்கள். ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளியில் கூட்டம் ஏறும், முன்னாலேயே ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். பொம்மனஹள்ளி என்று சீட்டில் எழுதிக் கண்டக்டரிடம் காட்டுங்கள். புதன், வியாழன் இரண்டு நாளும் காலை பத்து மணியிலிருந்து நவீன் அந்த நிறுத்தத்தில் நிற்பார். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நிற்பார்.

தமிழ்


மத்திகிரி
10.8.2025

அம்மா தமிழ்,

கருமாதி முடிந்து நீங்கள் எல்லோரும் போனபின் வீட்டைப் பெருக்கினேன். அவள் சேலைகளை முனிலட்சுமி வந்து எடுத்து மடித்து வைத்தாள். ஒன்றும் கத்தவில்லை. தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

உன் மாமியார் என்னை மரியாதையாக நடத்தினார். மாப்பிள்ளை பஸ் நிறுத்தத்தில் வெயிலில் நின்றதை நான் மறக்க மாட்டேன். அதை அவரிடம் சொல்லிவிடு.

பழி என்னுடையது. பங்கு கேட்டு இனிமேல் எழுதாதே. ஆறுதல் சொல்லியும் எழுதாதே. எனக்கு அதெல்லாம் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். மணிகண்டன் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. உன்னை வேலையை விடச் சொல்லவும் இல்லை. படித்த படிப்புக்கு உனக்கு மதிப்புக் கொடுத்த இடம் அது. எனக்கு அப்படி ஒரு இடம் கிடைக்கவில்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் வந்த வியாழக்கிழமை மத்தியானம். படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்திருந்தார்கள். நர்ஸ் சாப்பிடப் போயிருந்தார். உன் அம்மா என் கையைப் பிடித்து அருகில் இழுத்தாள். பேச ஆரம்பித்தாள். கத்தவில்லை. கத்த உடம்பில் தெம்பு இல்லையோ, கத்த வேண்டாம் என்று நினைத்தாளோ தெரியாது. எல்லோரும் எல்லோரிடமும் பேசுவதைப் போல மெதுவாகப் பேசினாள். கால் மணி நேரம் இருக்கும். உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'தமிழு' என்பது மட்டும் புரிந்தது. மீதி ஒன்றும் பிடிபடவில்லை. நிறுத்து, கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் அவ்வளவு நேரம் என்னோடு பேசி நான் பார்த்ததில்லை.

நீ ஜன்னல் பக்கம் நின்றிருந்தாய். நாலடி தூரம். அறையில் வேறு யாரும் இல்லை.

பிறகு உன்னிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மறுநாளே நினைவு தப்பிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததில் கேட்க நேரமில்லை, கேட்கத் துணிவும் இல்லை.

அவள் என்ன சொன்னாள்? திட்டியிருந்தால் திட்டியபடியே எழுது. ஒரு வார்த்தை குறைக்காதே, ஒன்றும் கூட்டாதே. பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அப்பா


பெங்களூர்
19.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். முதல் இரண்டு தடவையும் அம்மா பேசியதைப் போல நானே எழுதிப் பார்த்தேன். அவள் பேச்சு எனக்குத் தெரியும், நீங்கள் நம்பியிருப்பீர்கள். படித்துப் பார்க்கையில் எனக்கே அம்மா குரல் கேட்டது. அதனால் பயந்து இரண்டையும் கிழித்துவிட்டேன்.

எனக்கும் கேட்கவில்லை அப்பா.

என் இரண்டு காதிலும் ஆபீஸ் பேச்சைக் கேட்கும் கருவி இருந்தது. கம்மலை விடச் சிறியது, முடி மறைத்திருந்ததால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கோ ஒரு நாட்டில் எங்கள் சிஸ்டம் நின்றுபோயிருந்தது. பதினான்கு பேர் லைனில் இருந்தோம். நான் பேச வேண்டியதுகூட இல்லை, கேட்டுக்கொண்டிருந்தால் போதும். அதனால்தான் என் வாய் அசையவில்லை. சும்மா நிற்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். வெளிச் சத்தம் உள்ளே வராது, அதற்கென்றே செய்த கருவி அது. கம்பெனி பரிசாகக் கொடுத்தது.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அம்மா பக்கத்தில் இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் விட்டிருப்பார்கள். நான் எழுதவில்லை. மறுபடியும் பெயர் எடுக்கிறார்கள் என்று அந்த வாரம் ஒரு பேச்சு இருந்தது. லைனில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்று யாராவது கவனிப்பார்களோ என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

கழற்றலாம் என்று ஒரு தடவை கை போனது. அதையும் எழுதிவிடுகிறேன். அப்போது நான் திரும்பி உங்கள் இருவரையும் பார்த்தேன். அம்மா ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். உங்களுக்குக் கேட்டுவிட்டது என்று நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தமிழ்